வெயில் எழுதும் நீலம்: ஒரு படத்தின் வழியே கல்லூரி வேதியியல்

கல்லூரியில் ‘கலை வழி அறிவியல்’ என்றதும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சார்ட் பேப்பரில் டி.என்.ஏ. ஏணி, தெர்மோகோலில் அணு, துறை வாசலில் ராக்கெட் ரங்கோலி. மாணவர்கள் இரவெல்லாம் உழைத்துச் செய்கிறார்கள். ஆனால் அந்த ரங்கோலியில் பச்சைக்குப் பதில் மஞ்சளைத் தூவினாலும் ராக்கெட் பற்றி யாரும் கூடுதலாக எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அங்கே அறிவியலுக்குக் கலை உடுத்திவிடும் சட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

படம் எப்படி வரும் என்பதை அறிவியலே முடிவுசெய்தால் நிலைமை மாறிவிடும். கை நடுங்கினால் கோடு வளைவதுபோல, காரம் கூடினால் நிறம் மங்க வேண்டும். நேரம் குறைந்தால் உருவம் கரைந்தோட வேண்டும். அப்போது படம் கெட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் “ஏன் கெட்டது?” என்ற கேள்வி தானாக எழும். பதில் பாடப்புத்தகத்தில் இருக்கும். இதற்கு மிகப் பொருத்தமான, செலவு குறைந்த வழி சயனோடைப் எனப்படும் நீல அச்சு. இளங்கலை வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் தாவரவியலுக்கும் இது ஒரே நேரத்தில் பயன்படும். இருட்டறை வேண்டாம், கேமரா வேண்டாம். நம் ஊரில் குறைவில்லாமல் கிடைக்கும் வெயில் போதும்.

இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் வானியலாளர் ஜான் ஹெர்ஷல், ஆண்டு 1842. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியல் ஆர்வலர் கடற்பாசிகளை நேராகக் காகிதத்தின் மேல் வைத்து அச்செடுக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவு நுண்ணிய பாசி இழைகளைக் கையால் பிசகில்லாமல் வரைவது கடினம் என்பதால்தான் அவர் இந்த வழிக்கு வந்தார். பார்க்க ஓவியம்போல் இருக்கும் அந்த நீலப் பக்கங்கள் உண்மையில் ஆய்வுப் பதிவுகள். பின்னாளில் கட்டட வரைபடங்களைப் படியெடுக்கவும் இதே முறை பயன்பட்டது. இன்றும் நாம் சொல்லும் ‘புளூபிரின்ட்’ என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

காகிதத்தில் நடப்பது என்ன?

உப்புப் பகுப்பாய்வு செய்த எவருக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஃபெரஸ் அயனி (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு) இருக்கும் கரைசலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடை விட்டால் அடர்நீல வீழ்படிவு வரும். ‘டர்ன்புல் நீலம்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். ஃபெரிக் அயனிக்கு (மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு) ஃபெரோசயனைடை விட்டால் ‘பிரஷ்யன் நீலம்’. இரண்டும் வெவ்வேறு சேர்மங்கள் என்று நீண்ட காலம் நினைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது இன்று உறுதியான செய்தி.

நீல அச்சு இதே சோதனைதான். ஒரு வேறுபாடு: ஃபெரஸ் அயனியை நாம் ஊற்றுவதில்லை, வெயில் உண்டாக்குகிறது. காகிதத்தில் பூசுவது ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். புற ஊதா ஒளி படும்போது சிட்ரேட் தன் எலக்ட்ரானை இரும்புக்குக் கொடுத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிச் சிதைகிறது. எலக்ட்ரானைப் பெற்ற ஃபெரிக் இரும்பு ஃபெரஸாகிறது. பக்கத்திலேயே காத்திருக்கும் ஃபெரிசயனைடுடன் அது சேர்ந்த இடத்தில் பிரஷ்யன் நீலம் பிறக்கிறது. அது நீரில் கரையாது. காகித இழைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். வெயில் படாத இடத்தில் இருப்பவை கரையும் உப்புகள். தண்ணீரில் அலசினால் போய்விடும். ஆக, வெயில் பட்ட இடம் நீலம், நிழல் விழுந்த இடம் வெள்ளை.

ஏன் நீலம் என்று கேட்கும் மாணவர் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பிரஷ்யன் நீலத்தில் இரும்பு இரண்டு நிலைகளில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறது. நடுவில் சயனைடு பாலம். ஃபெரஸிலிருந்து ஃபெரிக்குக்கு ஓர் எலக்ட்ரான் தாவ வேண்டுமானால் 700 நானோமீட்டர் அளவிலான சிவப்பொளி தேவைப்படுகிறது. அந்தச் சிவப்பை அது விழுங்கிவிடுவதால் மிஞ்சுவது நம் கண்ணுக்கு நீலமாகிறது. இந்தச் செய்தி பின்னால் அளவெடுக்கும்போது கைகொடுக்கும்.

என்னென்ன வேண்டும், எவ்வளவு

30 பேர் கொண்ட வகுப்பு, ஆளுக்கு மூன்று அஞ்சலட்டை அளவுக் காகிதம் என்று வைத்துக்கொள்வோம். பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 12.5 கிராமை 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு குப்பியில் வையுங்கள். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 5 கிராமை இன்னொரு 50 மி.லி. நீரில் கரைத்து வேறு குப்பியில் வையுங்கள். இரண்டும் பழுப்பு நிறக் குப்பிகளாக இருக்கட்டும். தனித்தனியாக மாதக்கணக்கில் தாங்கும். சிட்ரேட் குப்பியில் மட்டும் சில வாரங்களில் பூஞ்சை படரலாம். துணியில் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். கலந்துவிட்டால் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பூசும் நேரத்தில் இரண்டையும் சம அளவு கலக்குங்கள். ஒரு ஏ4 தாளுக்கு ஏறத்தாழ 3 மி.லி. பிடிக்கும். கணக்குப்படி 70 மி.லி. போதும் என்று வரும். தூரிகை உறிஞ்சுவதும் மேசையில் சிந்துவதும் சேர்ந்தால் 100 மி.லி. சரியாக இருக்கும்.

காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜெராக்ஸ் தாளில் வெண்மைக்காகக் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். அது காரத்தன்மை உடையது, பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் பகை. போதாக்குறைக்கு அலசும்போது தாளும் கிழிந்துவிடும். 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம்) மேற்பட்ட வாட்டர்கலர் தாளோ, பருத்திக் கூழில் செய்த கைக்காகிதமோ வாங்குங்கள்.

தூரிகையில் இரும்புப் பட்டை இருந்தால் அதில் பூச்சு படக் கூடாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சு தூரிகை நல்லது. கண்ணாடிக்குப் படச்சட்டக் கடையில் பழைய சட்டம் கேளுங்கள். கீழே ஹார்டுபோர்டு, நான்கு கிளிப்புகள், நடுவில் ஒரு மெல்லிய ஸ்பாஞ்சு விரிப்பு.

‘சயனைடு’ என்ற பெயரைப் பார்த்து கல்லூரி முதல்வர் அலுவலகத்தில் தயங்குவார்கள். ஃபெரிசயனைடில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. சாதாரணக் கையாளலில் அது வெளியே வராது. ஆனால் அடர் அமிலத்தோடு சேர்ந்தாலோ, அமிலத்தோடு சூடாக்கினாலோ ஹைட்ரஜன் சயனைடு வாயு வரக்கூடும். எனவே இதன் கழிவை அமிலக் கழிவு ஜாடியில் ஊற்றவே கூடாது. இந்த ஒரு விதியைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். கையுறையும் அணிய வேண்டும். நகக்கண்ணில் ஏறிய நீலம் நாள்கணக்கில் போகாது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: பிரஷ்யன் நீலமே தாலியம் நச்சுக்கும் கதிரியக்க சீசியத்துக்கும் மருந்து. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் சீசியக் கதிரியக்க விபத்து நடந்தபோது பாதிக்கப்பட்டவர்களுக்கு இதைத்தான் கொடுத்தார்கள்.

பூசுவதும் வெயில் காட்டுவதும்

ஜன்னல்களை மூடி, மஞ்சள் குண்டு பல்பு ஒன்றைச் சற்றுத் தள்ளி எரியவிட்டால் அறை தயார். முழு இருட்டு தேவையில்லை. தாளைப் பலகையில் ஒட்டி, நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை பூசுங்கள். தாள் மின்னும் அளவுக்கு ஈரம் தேங்கினால் அதிகம், ஒற்றி எடுத்துவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் உலரட்டும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் சூட்டைக் காட்டினால் வெயிலுக்குப் போகும் முன்பே தாள் பச்சையோடத் தொடங்கும்.

உலர்ந்த தாள் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அதன்மேல் இலையையோ படத்தையோ வைத்து, கண்ணாடியால் அழுத்திக் கிளிப் போடுங்கள். பறித்த கையோடு இலையை வைக்காதீர்கள். வெயில் சூட்டில் இலை வியர்த்து, ஈரம் தாளில் இறங்கிக் கறையாகும். பழைய செய்தித்தாளுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் அழுத்தி வைத்த இலைதான் சரி. நரம்போட்டம் தெரிய வேண்டுமென்றால் ஊறவைத்துச் சதை நீக்கிய அரச இலையை எடுங்கள். தடித்த பச்சை இலை வெறும் நிழலுருவத்தை மட்டுமே தரும்.

கோடை நண்பகலில் 5 முதல் 10 நிமிடம். மேகமூட்டத்தில் அரை மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தைவிட நிறத்தை நம்புங்கள். மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலமும் கடந்து, உலோகம்போல் ஒரு சாம்பல் பளபளப்பு வரும். அந்தச் சாம்பல் வந்ததும் எடுத்துவிடலாம். இங்கேதான் பெரும்பாலான மாணவர்கள் பதறுகிறார்கள். நல்ல நீலம் வந்தபோதே எடுத்திருக்கலாமே, கருகிவிட்டதே என்று. கருகவில்லை. ஒளி மிகுந்ததால் பிரஷ்யன் நீலத்தின் ஒரு பகுதி இன்னும் எலக்ட்ரான்களை வாங்கி வெளிறிய ‘பிரஷ்யன் வெள்ளை’யாகிவிட்டது. அலசி உலர்த்தினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரே நாளில் அதைத் திரும்ப நீலமாக்கிவிடும்.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மி.லி. கலந்து தாளை முக்குங்கள். கண்ணெதிரே சாம்பல் சட்டென்று ஆழ்நீலமாகும். ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லை முதலாமாண்டு முதல் எழுதிவந்த கைகள், அது நடப்பதை அந்த அரை நிமிடத்தில் பார்க்கின்றன. வகுப்பில் இந்தக் கட்டத்தை எல்லோரும் சூழ்ந்து நின்று பார்க்கும்படி அமையுங்கள்.

அலசுவதற்கு 5 முதல் 10 நிமிடம். தண்ணீரில் மஞ்சள் வருவது நிற்கும்வரை.

படம் கெட்டால்

இதுதான் பாடத்தின் மையம். எனவே முதல் வகுப்பில் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொட்டிவிடாதீர்கள். பாதுகாப்பு விதிகளைச் சொல்லுங்கள், மற்றதை நடக்கவிடுங்கள். கெட்ட தாள்களைக் குப்பையில் போடாமல் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள்.

அலசியதும் நீலம் முழுவதும் தொட்டியில் ஓடிவிட்டதா? வெயில் போதவில்லை, கரையாத பிரஷ்யன் நீலம் போதுமான அளவில் உருவாகவில்லை. அல்லது பூச்சு தாளுக்குள் இறங்காமல் மேலேயே நின்றிருக்கிறது.

வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிர்நீலமா? வெயிலுக்குப் போகும் முன்பே ஃபெரஸ் உண்டாகியிருக்கிறது. பூசிய தாளைக் கறுப்புறையில் போட்டு மறுநாளுக்கு வைத்திருப்பார்கள். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இது சீக்கிரம் நடக்கும். ஒளியே இல்லாமலும் இந்த வினை மெல்ல நகர்கிறது என்பதற்கு அந்தத் தாளே சான்று. பூசிய அன்றே அச்செடுப்பதுதான் தீர்வு.

ஊசிமுனை அளவில் ஆங்காங்கே கருநீலப் புள்ளிகள்? இரும்புத்தூள். ஆய்வகத் தண்ணீர்க் குழாயின் துருவாகவோ தூரிகைப் பட்டையின் துகளாகவோ இருக்கலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளியின் நடுவில் துகளே தெரியும்.

வெள்ளைப் பகுதியில் மஞ்சள் கறை, நீலமும் மங்கல் என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். நம் ஊர்களில் இது மிக அதிகம். போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, சற்றே காரமானது. காரத்தில் பிரஷ்யன் நீலம் உடைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகிறது; அந்தப் பழுப்பு மஞ்சள்தான் கறை. முதல் அலசலுக்கு மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்தால் போதும். ஒரே தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் போர்வெல் நீரிலும் மறு பாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் அலசச் சொல்லுங்கள். கல்லூரியின் குடிநீரையும் ஆய்வகக் குழாய் நீரையும் இதேபோல ஒப்பிட்டு, பி.ஹெச். (அமில, காரத் தன்மையின் அளவு) அளந்து பக்கத்தில் எழுதிவிட்டால் அதுவே ஒரு சிறிய ஆய்வுத் திட்டம்.

ஐந்து மலை

பிழைகளைப் படிக்கத் தெரிந்தபின், உண்மையான ஓவிய வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும். இலையை வைத்து எடுப்பது அழகுதான். ஆனால் அதில் மாணவர் எடுக்கும் முடிவுகள் குறைவு. நமக்கு வேண்டியது, கலை முடிவு ஒவ்வொன்றும் ஓர் அறிவியல் முடிவாகவும் இருக்கும் வேலை.

இப்படிச் சொல்லுங்கள்: “ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மலைத்தொடர்களை வரைய வேண்டும். அருகிலுள்ளது ஆழ்நீலம். தொலைவு கூடக்கூட வெளிறிப்போக வேண்டும். வானம் வெள்ளை. ஐந்து நிறங்களும் கண்ணுக்குச் சம இடைவெளியில் தெரிய வேண்டும். கருவி, பட்டர் பேப்பர் மட்டும்.” மேற்குத் தொடர்ச்சி மலையைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது.

மாணவர் என்ன செய்வார்? அருகு மலைக்கு எதுவும் மறைக்காமல் விடுவார். அடுத்ததற்கு ஒரு அடுக்கு, அதற்கடுத்ததற்கு இரண்டு, மூன்று, நான்கு. வானத்துக்குக் கறுப்பு அட்டை. வெயிலில் வைத்து எடுத்தால் முதல் இரண்டு மலைகளும் ஒரே நீலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது கடைசி இரண்டும் வானத்தோடு கரைந்திருக்கும். “சமமாகத்தானே அடுக்கினேன்?” என்பார்.

இப்போது பீர்–லாம்பர்ட் விதியைச் சொல்லலாம். ஒவ்வொரு அடுக்கும் ஒளியில் ஒரு குறிப்பிட்ட அளவைக் கழிப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட பங்கைக் கழிக்கிறது. ஓர் அடுக்கு 60 விழுக்காட்டை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு அடுக்கு 36, மூன்று அடுக்கு 22, நான்கு அடுக்கு 13. முதல் தாள் 40ஐ விழுங்க, நான்காம் தாள் 9ஐத்தான் விழுங்குகிறது. அதோடு, தாளில் இரும்பு தீர்ந்துபோனால் மேலும் ஒளி விழுந்தும் நீலம் ஏறாது. அதனால்தான் அருகு மலைகள் ஒட்டிக்கொண்டன.

திருத்துவதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். பூசிய தாளிலிருந்து நீண்ட பட்டை ஒன்றை வெட்டி, அட்டையை நகர்த்தி நகர்த்தி 1, 2, 4, 8, 16 நிமிடம் வெயில் காட்டச் சொல்லுங்கள். ஏன் 1, 2, 3, 4, 5 இல்லை? அடுக்குகள் பங்காகக் குறைப்பதால் நேரத்தையும் மடங்காகக் கூட்டினால்தான் இரண்டும் ஒரே அளவுகோலில் உட்காரும். அலசி உலர்ந்தபின் எல்லாப் பட்டைகளையும் வெள்ளைத் தாளோடு சேர்த்து நிழலில் ஒரே படமாகக் கைபேசியில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கைபேசி ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் தன்னிஷ்டத்துக்குத் திருத்திவிடும். நிறம் அளக்கும் செயலியில் சிவப்பு மதிப்பை மட்டும் குறியுங்கள். பிரஷ்யன் நீலம் விழுங்குவது சிவப்பை என்று முன்பே பார்த்தோம். எனவே மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான். நீல மதிப்பை எடுத்தவர்களின் வரைபடம் மந்தமாக இருக்கும். அவர்களையும் ஏன் என்று கேளுங்கள்.

நேரத்தின் லாக் மதிப்பைக் கிடைமட்டத்திலும் சிவப்பு மதிப்பைச் செங்குத்திலும் வைத்து வரைந்தால் இரு முனைகளும் படுத்து, நடுவில் சரியும் ஒரு வளைகோடு வரும். ஐந்து மலைகளையும் அந்தச் சரிவுக்குள் அடக்க வேண்டும். எத்தனை அடுக்கு, எத்தனை நிமிடம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்த இரண்டாம் படம், முதல் படத்தின் பக்கத்தில் தொங்கும்போது வேறுபாடு யாருக்கும் தெரியும்.

நிழல் நகர்கிறது

இயற்பியல் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. தீப்பெட்டி அளவுள்ள சதுர அட்டையைத் தாளுக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் மெல்லிய கம்பியில் நிறுத்துங்கள். பக்கங்கள் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் இருக்கட்டும். நண்பகலில் 8 நிமிடம் வெயில் காட்டுங்கள். ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அந்த நாள்கள் இதற்கு மிகப் பொருத்தம்.

அச்சில் சதுரத்தின் நான்கு ஓரங்களும் ஒன்றுபோல் இருக்காது. கிழக்கு மேற்காக ஓடும் ஓரங்களில் மங்கல் 1 மி.மீ. அளவு. வடக்கு தெற்காக ஓடும் ஓரங்களில் 3, 4 மி.மீ. முதலாவது மங்கலுக்குக் காரணம் சூரியன் புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகல வட்டமாக இருப்பது: அதன் அகலம் அதன் தொலைவில் ஏறத்தாழ 107இல் ஒரு பங்கு. 100 மி.மீ. உயரத்துக்கு 0.9 மி.மீ. இரண்டாவதற்குக் காரணம் பூமியின் சுழற்சி. நிமிடத்துக்குக் கால் டிகிரி; 10 செ.மீ. உயரத்துக்கு நிமிடம் 0.44 மி.மீ. நிழல் நகரும். 8 நிமிடத்தில் 3.5 மி.மீ. ஒரு சதுரத்தின் நிழலில் சூரியனின் அகலமும் பூமியின் சுழற்சியும் பக்கம் பக்கமாகப் பதிந்திருக்கின்றன.

நிழலின் நடுப்பகுதியும் முழு வெள்ளையாக வராது. புற ஊதா ஒளியில் கணிசமான பங்கு வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. மர நிழலில் நின்றாலும் தோல் கறுப்பது இதனால்தான்.

சிவப்பு விளக்கும் சன்ஸ்கிரீனும்

ஒளி துகள்களாக வருகிறது என்பதை எண்ணில் சொல்வதைவிடத் தாளில் காட்டுவது மேல். 365 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல் 3.4 எலக்ட்ரான் வோல்ட். 650 நானோமீட்டர் சிவப்புக்கு 1.9. சிவப்பு எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வைத்தாலும் தாள் மஞ்சளாகவே இருக்கும். கள்ளநோட்டு பார்க்கும் சிறிய புற ஊதா டார்ச், கண்ணுக்கு அவ்வளவு வெளிச்சமே இல்லாதது, சில நிமிடங்களில் நீலத்தை வரவழைத்துவிடும். சிவப்பு செலோபேன் தாளை மறைப்பாக வைத்து வெயிலில் இதைச் செய்யாதீர்கள். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் பல பிளாஸ்டிக் தாள்கள் புற ஊதாவைக் கசியவிடும், முடிவு குழம்பிவிடும்.

சன்ஸ்கிரீன் சோதனை எல்லோருக்கும் பிடிக்கும். கவனமாகச் செய்தால் பாடமும் உண்டு. ஓ.ஹெச்.பி. தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) 5 செ.மீ. சதுரம் வரைந்து, அதில் 50 மில்லிகிராம் களிம்பைத் தராசில் எடைபோட்டுத் தடவுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்பதுதான் எஸ்.பி.எஃப். (களிம்பு தோலை வெயிலிலிருந்து காக்கும் திறனின் எண்) அளக்கும்போது கடைப்பிடிக்கும் அளவு. நாம் வீட்டில் பூசுவது எவ்வளவு குறைவு என்பது அப்போதே விளங்கிவிடும். எஸ்.பி.எஃப். 15க்கும் 50க்கும் அச்சில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். எஸ்.பி.எஃப். முதன்மையாகக் குறிப்பது தோலைச் சிவக்கவைக்கும் குறுகிய அலைநீளப் புற ஊதாவை. நம் தாளோ பெரும்பாலும் நீண்ட அலைநீளப் புற ஊதாவுக்குத்தான் பதில் சொல்கிறது. டப்பாவில் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் பிளஸ் குறிகள் குறிப்பது இதைத்தான்.

நீலத்தைக் கறுப்பாக்க

உலர்ந்த அச்சு ஒன்றை, லிட்டருக்கு 5 கிராம் வாஷிங் சோடா கலந்த தண்ணீரில் முக்கினால் நீலம் கண்முன்னே கரைந்து மஞ்சளாகும். படம் போய்விட்டதுபோல் தோன்றும். இரும்பு ஹைட்ராக்சைடாக அது அங்கேயே இருக்கிறது. நன்றாக அலசி, கடுக்காய்க் கஷாயத்திலோ கெட்டியான தேயிலைச் சாயத்திலோ 20 நிமிடம் போட்டால் பழுப்பும் கறுப்புமாகப் படம் மீண்டு வரும். கடுக்காயிலும் தேயிலையிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. துருவேறிய இரும்பை வெல்ல நீரில் ஊறவைத்து எடுக்கும் கரைசலைக் கடுக்காய் ஏற்றிய துணியில் தீட்டி, கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோடு வரைவதும் இந்த வினையால்தான். அணைவுச் சேர்மங்களை நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ரெக்கார்டு நோட்டுக்குத் திரும்பினால்

தாவரவியல், விலங்கியல் துறைகளில் ஏற்கெனவே நாள்தோறும் வரைகிறார்கள். வருத்தம் என்னவென்றால், நுண்ணோக்கியில் சோளத் தண்டின் குறுக்குவெட்டு இருக்கும். நோட்டில் ஏறுவது சீனியர் வரைந்த படம். சிறு முகங்கள்போல வாஸ்குலார் கற்றைகள் (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த் தொகுதிகள்), அட்டைப்பெட்டியில் அடுக்கியதுபோல் சம இடைவெளியில். ஸ்லைடில் அவை ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் கிடக்கும். இதை மாற்ற ஒரு சிறிய ஏற்பாடு போதும். புத்தகத்தை மூடிவைத்து, ஸ்லைடின் கால்வட்டப் பகுதியை மட்டும் பத்து நிமிடம் வரையட்டும். கற்றைகளை எண்ணி, ஓரத்தில் இத்தனை, நடுவில் இத்தனை என்று எழுதட்டும். அதன்பிறகு புத்தகத்தைத் திறந்து, எங்கே வேறுபடுகிறது என்று சிவப்பு மையால் குறிக்கட்டும். ஓரத்தில் நெருக்கம் ஏன் என்ற கேள்வி, தண்டு வளையாமல் நிற்பதன் இயக்கவியலுக்கு நேராகக் கொண்டுபோய்விடும். பென்சிலைத் தேய்த்து நிழல் பூசுவதைத் தவிர்த்து, அடர்த்தியைப் புள்ளிகளால் காட்டச் சொல்லுங்கள். எத்தனை புள்ளி என்று முடிவெடுக்கக் கண் மறுபடி மறுபடி ஸ்லைடுக்குப் போக வேண்டியிருக்கும்.

வரையப் பயின்ற கண் கூடுதலாகப் பார்க்கும் என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1609ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்து வரைந்தார். ஒளி–இருள் எல்லையைக் கோணல்மாணலான கோடாக இழுத்ததோடு நின்றுவிட்டது அந்தப் படம். சில மாதங்களில் கலீலியோ பார்த்தார். ஒளியும் நிழலும் கொண்டு புடைப்பைக் காட்டும் ஓவியக் கலையில் அவருக்குப் பயிற்சி இருந்தது. அந்தக் கோணல் அவர் கண்ணுக்கு மலைகளாகவும் பள்ளங்களாகவும் தெரிந்தது.

மதிப்பெண்ணும் கண்காட்சியும்

அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் நன்றாக வரையத் தெரிந்த இரண்டு பேர் மட்டும் முயல்வார்கள், மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆளுக்கு மூன்று தாள் என்றோமே, அந்த மூன்றையும் கேளுங்கள்: அளவுகோல் பட்டை, கெட்டுப்போன படம், திருத்திய படம். கெட்ட படத்தின் கீழே காரணத்தை ஐந்து வரியில் எழுத வேண்டும். அந்த ஐந்து வரிக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். முதல் முயற்சியிலேயே பிழையின்றி வந்துவிட்டதாகச் சொல்பவரிடம், தாளை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கை வைத்தால் கெடும் என்று தெரிந்திருந்தால் அவருக்கு வினை புரிந்திருக்கிறது.

படங்களை நூலக வராந்தாவில் மாட்டுவீர்கள். சில வாரங்களில், வெயில் சாயும் பக்கத்திலுள்ளவை மங்கத் தொடங்கும். கழற்றி எறிந்துவிட வேண்டாம். பிரஷ்யன் நீலம் ஒளியில் எலக்ட்ரான் வாங்கி வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்து, காற்றுப் புகும் இருட்டு அலமாரியில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுத் திறந்தால் நீலம் பெருமளவு திரும்பியிருக்கும். அலமாரியைத் திறக்கும் முன் மாணவர்களை அழைத்து, என்ன நடந்திருக்கும், ஏன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.